ஒளியின் எல்லையைக் கண்ட யேனா நகரம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெங்காயத் தோலின் செல்களை நுண்ணோக்கியில் கண்டு வியந்திருப்பீர்கள். அக்கருவி இன்றைய செம்மையை அடைந்த வரலாற்றில் ஒரு சிறு நகருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜெர்மனியின் நடுப்பகுதியில், ஸாலே ஆற்றங்கரையில், சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கிடையே அமைந்த யேனாதான் அந்நகர். மக்கள்தொகை ஏறத்தாழ 1,10,000. ஆங்கில நூல்களைப் பார்த்து 'ஜெனா' என்று சொல்வோரும் உண்டு.

1558-இல் இங்கு நிறுவப்பட்ட பல்கலைக்கழகமே நகரின் முதற் பெருமை. கவிஞர் ஷில்லர், தத்துவ அறிஞர் ஹெகல் ஆகியோர் இங்கே கற்பித்தனர். 1806 அக்டோபர் 14-இல் இந்நகருக்கு அருகில்தான் நெப்போலியன் பிரஷ்யப் படையை முறியடித்தான்.

பட்டறையும் பல்கலைக்கழகமும்

1846-இல் கார்ல் சைஸ் என்ற கருவி வினைஞர் இங்கு ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். செல் கொள்கையை வகுத்தவர்களுள் ஒருவரான ஷ்லைடன் அவருக்கு ஊக்கமளித்தார். அக்காலத்தில் வில்லைகளைத் தேய்ப்பதும், பொருத்திப் பார்ப்பதும், சரியில்லையென்றால் மீண்டும் தேய்ப்பதுமே வழக்கம். கணக்கிட்டுச் செய்ய இயலாதா என்று சைஸ் எண்ணினார். 1866-இல் இளம் இயற்பியலார் எர்ன்ஸ்ட் அபேயைத் துணைக்கு அழைத்தார்.

அபே 1873-இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. குளத்தில் நிற்கும் மெல்லிய நாணல், பெரிய அலையில் எந்தச் சுவடும் பதிப்பதில்லை. பெரும் பாறையோ அலையையே மாற்றிவிடுகிறது. ஒளியும் அலையே. ஆகவே அதன் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியைவிட நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளை, எவ்வளவு பெருக்கினாலும் தனித்தனியாகக் காண இயலாது. மிகச் சிறந்த நுண்ணோக்கிக்கும் இந்த எல்லை ஒரு மில்லிமீட்டரில் சுமார் 5,000-இல் ஒரு பங்கு. இந்த எல்லையைக் கடந்து காணும் உத்திகளுக்காக 2014-இல் மூவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

எல்லையை எட்டுவதற்கே நல்ல கண்ணாடி வேண்டுமல்லவா? அதற்காக 1884-இல் ஓட்டோ ஷாட் யேனாவில் கண்ணாடி ஆய்வுக்கூடம் அமைத்தார். வெப்பத்தைத் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியும் அவர் ஆக்கமே.

எட்டு மணி நேரக் கணக்கு

அபேயின் தந்தை நூற்பாலைத் தொழிலாளி. நாள்தோறும் 14 முதல் 16 மணி நேரம் நின்றபடி உழைத்தவர். சிறுவனாக உணவு கொண்டு சென்ற அபே அதை மறக்கவில்லை. 1889-இல் சைஸ் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவி, பின்னர் தம் உரிமைப் பங்கையே அதற்கு அளித்தார். 1900-இல் தொழிற்சாலையின் வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார்.

உற்பத்தி குறையாதா? அதையும் அளந்து பார்த்தார். நேரக் குறைவை ஈடுசெய்ய, ஒவ்வொரு மணியிலும் பன்னிரண்டரை விழுக்காடு கூடுதல் வேலை நடக்க வேண்டும். துண்டுக்கூலி பெற்ற 233 பேரின் கணக்கைப் பார்த்தபோது, உயர்வு சுமார் 16 விழுக்காடு! களைப்பு நீங்கிய கை விரைந்து உழைக்கும் என்பதை எண்களே மெய்ப்பித்தன.

1926-இல் இங்கு திறக்கப்பட்ட கோளரங்கம் இன்றும் இயங்குகிறது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் நகர் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 1945-இல் பின்வாங்கிய அமெரிக்கப் படை சைஸ் வல்லுநர் பலரை மேற்கே அழைத்துச் சென்றது. பிறகு சோவியத் அரசு இயந்திரங்களைக் கழற்றிச் சென்றதோடு, 1946-இல் வல்லுநர் பலரையும் கொண்டு போயிற்று. ஒரே பெயரில் கிழக்கிலும் மேற்கிலும் இரு நிறுவனங்கள் இயங்கின. ஜெர்மனி 1990-இல் ஒன்றிணைந்த பின்னரே அவையும் இணைந்தன. அந்த மாற்றத்தில் யேனாவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

இருப்பினும் நகர் ஓயவில்லை. ஒளியியல் தொழிலும் ஆராய்ச்சியும் இன்றும் அதன் உயிர்நாடி. இயந்திரங்களைக் கழற்றிச் செல்லலாம். ஓர் ஊரில் வேரூன்றிய அறிவை அவ்வளவு எளிதில் கழற்றிவிட முடியுமா?