45 வயதில் பள்ளிக்கூடம்!
கைத்துப்பாக்கித் தொழில் படிக்கும் அப்பாக்கள்

பள்ளிக்கூடத்துக்குச் சிறுவர்கள்தான் போகவேண்டும் என்று சட்டம் இல்லை.

அமெரிக்காவில் தலை நரைத்தவர்கள் கூடப் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களில் சிலர் படிக்கும் படிப்பு என்ன தெரியுமா? துப்பாக்கி செய்யும் தொழில்!

லாரி ஓட்டியவர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆபீசில் கணக்கு எழுதிச் சலித்தவர் என்று பலருக்கும் இதில் ஆசை. அதிலும் கைத்துப்பாக்கியை மட்டும் செம்மையாகச் செய்து கொடுக்கும் தொழிலாளியாக வேண்டும் என்பது சிலருடைய கனவு.

ஆனால் நடுத்தர வயதில் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போவது விளையாட்டா? வீட்டு வாடகை நிற்காது. பிள்ளைகளின் படிப்புச் செலவும் நிற்காது. எனவே சரியான பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போர் முடிந்தது, பள்ளி பிறந்தது

இந்தப் பள்ளிக்கூடங்கள் பிறந்த கதை சுவையானது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். "இனிப் பிழைப்புக்கு என்ன வழி?" என்ற கேள்வி எழுந்தது. அவர்கள் படிப்பதற்கு அரசாங்கமே பணம் கொடுக்க, போர் முடியுமுன் 1944-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. 1956-ம் ஆண்டுக்குள் ஏறக்குறைய 78 லட்சம் பேர் அந்தச் சட்டத்தின்படி படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள்.

துப்பாக்கியைப் பிடித்துப் பழகிய கைகள் அல்லவா? அதைப் பழுது பார்க்கவும் செய்யவும் படிக்கப் பலர் விரும்பினார்கள்.

கொலராடோ மாநிலத்தில் டிரினிடாட் என்று ஓர் ஊர் இருக்கிறது. (மேற்கிந்தியத் தீவு டிரினிடாட் வேறு, இது வேறு.) நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள அரசாங்கக் கல்லூரியில் 1947-ம் ஆண்டு துப்பாக்கித் தொழில் வகுப்பு தொடங்கியது. பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகரில் இதற்கென்றே ஒரு பள்ளி 1949-ல் ஏற்பட்டது. கலிபோர்னியாவில் சூசன்வில், வட கரோலினாவில் டிராய், ஓக்லஹோமாவில் டிஷமிங்கோ ஆகிய ஊர்களின் கல்லூரிகளும் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை.

கல்லூரிப் படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டு.

விவசாயி ஆசிரியர் ஆனார்

டிரினிடாட் கல்லூரியில் அந்தக் காலத்தில் பாடம் சொன்னவர்களில் ஒருவர் பி. ஓ. ஆக்லி. துப்பாக்கி உலகில் புகழ் பெற்ற பெயர் இது.

அவர் பிறக்கும்போதே துப்பாக்கித் தொழிலாளி அல்ல. விவசாயி! விவசாயத்தில் வருமானம் விழுந்துபோன காலத்தில், 1936-ல், ஓரிகன் மாநிலத்தில் ரோஸ்பர்க் என்ற ஊரில் ஒரு துப்பாக்கிப் பட்டறையை விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 33. கைதேர்ந்த ஒருவரிடம் குழல் செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது.

இன்னொருவர் கடிகாரம் பழுது பார்த்தவர். பெயர் பில் வில்சன். ஆர்கன்சா மாநிலத்தில் பெரிவில் என்ற சிற்றூரில், குடும்பத்தின் நகைக்கடைக்குப் பின்புறம், 1977-ல் கைத்துப்பாக்கி வேலை தொடங்கினார். அது பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது.

கடிகாரம் திருத்திய கைக்குத் துப்பாக்கி வசப்பட்டதில் வியப்பு இல்லை. இரண்டுக்கும் வேண்டியவை பொறுமை, கூர்மையான கண், நடுங்காத விரல்.

மயிரிழை தவறினால் ஆபத்து

கைத்துப்பாக்கி வேலை எவ்வளவு நுட்பமானது?

ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு ஆக்குங்கள். அதில் ஒரு கூறு, இரண்டு கூறு அளவில்தான் அரம் பிடிக்கவேண்டும். விசையை இழுத்தால் துப்பாக்கி சுடும். ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டுதான் பாயவேண்டும். உள்ளே இருக்கும் சிறு இரும்புத் துண்டு ஒன்றை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டால், ஒரு முறை இழுத்ததற்குப் பல குண்டுகள் பாயலாம். கீழே விழுந்தாலே வெடிக்கலாம்!

அதனால்தான் இந்தத் தொழிலைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது. பக்கத்தில் நின்று, "போதும், நிறுத்து" என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

கைத்துப்பாக்கித் தொழிலாளிகள் கொண்டாடும் துப்பாக்கி ஒன்று உண்டு. ஜான் பிரௌனிங் என்ற மேதை அமைத்தது. ராணுவச் சோதனையில் 6,000 குண்டுகள் சுட்டும் அது ஒருமுறை கூடத் தகராறு செய்யவில்லை. 1911-ம் ஆண்டு அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே அதன் பெயராகிவிட்டது. பிரௌனிங் 1926-ல் பெல்ஜியம் நாட்டில், தாம் வேலை செய்த துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே உயிர் நீத்தார்.

இன்றும் குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் "1911" துப்பாக்கியைத் தொழிலாளியிடம் கொடுத்து, தங்கள் கைக்கு ஏற்றபடி இழைத்து வாங்குகிறார்கள்.

ஆனால் காலம் மாறிவிட்டது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் என்ற துப்பாக்கியை ஏற்றது. அதன் உடல் பிளாஸ்டிக். ஓர் உறுப்பு கெட்டால் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டிவிடலாம். அரத்துக்கு அதிக வேலை இல்லை. இப்படி உறுப்பு மாற்றுவதை ஒரே நாள் வகுப்பில் கற்றுவிடலாம். உறுப்பு மாற்றத் தெரிந்தவர் வேறு. உறுப்பையே உருவாக்கத் தெரிந்தவர் வேறு.

பள்ளியில் சேருமுன் கேட்கவேண்டியவை

"கைத்துப்பாக்கி மட்டும் படிக்கப் பள்ளி எது?" என்று தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கும். பெரும்பாலான பள்ளிகள் எல்லாத் துப்பாக்கிகளையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கின்றன. முதலில் அரம் பிடிப்பது, பிறகு லேத், மில்லிங் மிஷின், பற்றவைப்பு, மரக்கட்டை இழைப்பது, இரும்புக்குக் கருநீல நிறம் ஏற்றுவது என்று பாடம் போகும். கைத்துப்பாக்கி அதில் ஒரு பகுதிதான்.

எனவே பணம் கட்டுமுன் இந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டும்:

1. கைத்துப்பாக்கி வேலைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள்?

2. ஆசிரியர் அந்தத் தொழிலைச் செய்து பிழைத்தவரா, அல்லது புத்தகம் படித்தவர் மட்டுமா?

3. மாணவன் பட்டறையில் நிற்கும் நேரம் எவ்வளவு? நாற்காலியில் உட்காரும் நேரம் எவ்வளவு?

4. பள்ளிக்கு முறையான அங்கீகாரம் உண்டா? இது இல்லாவிட்டால் அரசாங்க உதவிப்பணம் கிடைக்காது.

5. படித்து வெளியேறியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. பழைய மாணவர் இருவரைத் தேடிப்பிடித்துப் பேசினால், பள்ளியின் விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

தபாலில் பாடம் அனுப்பும் பள்ளிகளும் உண்டு. படம் பார்த்துப் படிக்கும் வகுப்புகளும் உண்டு. உறுப்புகளின் பெயரும் வேலையும் தெரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் அரம் இரும்பைக் கடிக்கும்போது கையில் தெரியும் அந்த உணர்ச்சியைத் தபாலில் அனுப்ப முடியாது!

சட்டத்தின் கண்

இந்தத் தொழிலுக்குப் பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதாது. 1968-ம் ஆண்டுச் சட்டப்படி, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழில் நடத்த அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் உரிமம் வேண்டும். வயது 21 நிரம்பியிருக்கவேண்டும். பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு உரிமம் இல்லை. பழுது பார்க்க வந்த துப்பாக்கி ஓர் இரவு பட்டறையில் தங்கினாலும், அதைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

நம் நாட்டிலும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் பழுது பார்ப்பதும் குற்றம்.

வீட்டில் பேசுங்கள்

இது பெரும் பணம் குவிக்கும் தொழில் அல்ல. படிப்புக் கட்டணம் ஒரு பக்கம் இருக்க, கருவிகளை மாணவனே வாங்கவேண்டும். அதற்கே பல ஆயிரம் டாலர் ஆகும். படித்து முடித்ததும் வாடிக்கைக்காரர்கள் வாசலில் வரிசையாக நிற்க மாட்டார்கள். முதலில் வேறொருவர் பட்டறையில் சில ஆண்டுகள் வேலை செய்து பெயர் எடுக்கவேண்டும். கண் பார்வையும் கேட்கும் சக்தியும் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

45 வயதில் இரண்டு ஆண்டுச் சம்பளத்தை இழப்பது ஒருவருடைய தியாகம் மட்டும் அல்ல. மனைவியின் தியாகமும் அதில் இருக்கிறது. அவரைக் கேட்காமல் வேலையை விடுவது முறை ஆகாது.

ஆத்திரப்படாமல் நடக்க ஒரு நல்ல வழி உண்டு. மாலை நேரத்தில் உள்ளூர்க் கல்லூரியில் லேத் வேலை பழகலாம். கோடை விடுமுறையில் சில துப்பாக்கித் தொழில் கல்லூரிகள் ஒரு வாரப் பயிற்சி நடத்துகின்றன. கைத்துப்பாக்கிக்கென்றே தனி வகுப்பும் அதில் உண்டு. ஒரு வாரம் நின்று பார்க்கலாம்.

ஏழாம் நாள் மாலை, முதுகு வலித்தாலும் "இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்காதா?" என்று மனம் ஏங்கினால், பள்ளியில் சேரலாம். "அப்பாடா, முடிந்தது!" என்று தோன்றினால், பழைய வேலையே மேல். நஷ்டம் ஒரு வார விடுமுறை மட்டுமே!