உடன்பிறந்த இரு நாய்க்குட்டிகள்



நாய் வளர்க்கும் விருப்பத்தோடு ஒரு வீட்டிற்குச் செல்கின்றோம். தாயின் அருகே குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்துறங்குகின்றன. ஒன்றைத் தூக்கினால் மற்றொன்று முனகுகின்றது. "தனியே வளர்ந்தால் ஏங்கிப் போகும், இரண்டையும் கொண்டு போங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். உடன் வந்த பிள்ளைகளும் கெஞ்சுகின்றனர். ஈர நெஞ்சுடையார் அதனை மறுத்தல் அரிது. யானும் மறுத்திலேன். அதனால் யான் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

கறுவல், சிவலை என்று யாம் பெயரிட்ட அவ்விரு குட்டிகளும் ஒரே சாக்கில் உறங்கின. ஒரே கோப்பையில் உண்டன. வளவெங்கும் ஒன்றாய் ஓடித் திரிந்தன. அக்காட்சியில் மகிழ்ந்திருந்தோமேயன்றி, அவை எம்மை நாடவில்லை என்பதை உணர்ந்தோமில்லை. "வா" என்றழைத்தால் சிவலை கறுவலைப் பார்க்கும். அது வந்தால் தானும் வரும். இரண்டும் பழகிவிட்டன என்றே எண்ணினோம். எட்டாம் மாதத்தில் ஒருநாள், திறந்து கிடந்த படலையைக் கடந்து தெருவிற்கு ஓடிய கறுவல் லொறியில் அகப்பட்டு இறந்தது. அன்று முதல் சிவலை விறாந்தையிலுள்ள வாங்கின் கீழ் ஒடுங்கியது. சோற்றைத் தொடவில்லை, அழைத்தால் வரவில்லை, கழுத்துப்பட்டியிற் கை வைத்தால் நடுங்கியது. எம் வீட்டிலேயே வளர்ந்த நாய்க்கு யாம் அந்நியராய் இருந்தோம்.

இதற்குக் காரணம் யாது? நாய்க்குட்டி ஏறத்தாழ 2 வாரத்திற் கண் திறக்கின்றது. 3ஆம் வாரத்திற் செவிப்புலன் தெளிகின்றது. அதன்பின் 12 வாரம் வரையுள்ள காலமே அது உறவு பழகும் காலம். அமெரிக்காவில், மெயின் மாநிலத்துப் பார் ஹார்பரிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில், ஜோன் பால் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் அறிஞர் இருவர் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1965இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விளக்கினர். மனிதப் பழக்கமின்றி 14 வாரம் வளர்க்கப்பட்ட குட்டிகள் பின்னர் மனிதரை அஞ்சி விலகியதை, 1961இல் வெளியான மற்றோர் ஆய்வும் காட்டிற்று.

தனிக்குட்டிக்கு அவ்வேளையில் வீட்டாரே துணை. இரு குட்டிகள் இருப்பின், விளையாட்டிற்கும் துணிவிற்கும் உறக்கத்திற்கும் ஒன்றுக்கு மற்றொன்று போதுமானதாகிவிடுகின்றது. இஃது எல்லா இணைகளுக்கும் தவறாது நேர்வதன்று. மருத்துவ நூலோர் வரையறுத்த நோயுமன்று. வளர்ப்போரின் கவனக் குறைவால் விளையும் பழக்கம் எனலே பொருந்தும். ஆதலின் இதனைத் தடுத்தலும் நம் கையிலேயே உள்ளது.

பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்வதுண்டு. ஒருவனை வினவினால் மற்றவன் விடை சொல்வான். வேறு வேறாக இருத்தினாலன்றி, எவனுக்குப் பாடம் விளங்கியது என ஆசிரியர் அறியார். குட்டிகளின் நிலையும் அதுவேயன்றோ?

முதலாவது, 8 வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. கடியின் அளவை அது கற்பது தாயிடமும் உடன்பிறப்புகளிடமுமே. வீட்டிற்கு வந்தபின், படுக்கையும் கோப்பையும் வெவ்வேறாதல் வேண்டும். முதலில் ஒரே அறையின் இரு மூலைகளிற் படுக்கவிட்டு, இடைவெளியைச் சிறிது சிறிதாக அகற்றுக. ஒரே நாளிற் பிரித்து அடைத்தல் கொடுமை.

இரண்டாவது, பயிற்சி தனித்தனியே நிகழல் வேண்டும். ஒன்று உள்ளே எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, மற்றொன்றை முற்றத்திற்கு அழைத்துச் சென்று, "வா", "இரு", "நில்" என்பவற்றை ஐந்து நிமிடம் பழக்குக. சொன்னபடி செய்தவுடன் ஒரு சிறு மீன் துண்டு கொடுத்தல் நன்று. அடித்தல் வேண்டா. பெயரை அழைக்கும்போது அப்பெயருக்குரிய குட்டிக்கே பரிசு கிட்டுதல் வேண்டும். தெருவில் நடத்துதலும் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுதலும் அவ்வாறே. தனித்தனியே நன்கு கற்றபின்னரே இரண்டையும் ஒருங்கே பயிற்றுக.

மூன்றாவது, நாள்தோறும் சில நிமிடம் ஒவ்வொன்றும் முற்றிலும் தனித்திருக்கப் பழகட்டும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியையும், ஆணும் பெண்ணுமாயின் கருத்தடைச் சிகிச்சையையும், வைத்தியர் குறிக்கும் காலத்திற் செய்விக்கத் தவறற்க. உடன்பிறந்தவை என்பதை இயற்கை பாராது.

இவையனைத்தும் இருமடங்கு நேரம் வேண்டும் பணி. அந்நேரம் இல்லாதோர் ஒரு குட்டியையே கொள்வது அறம். மற்றதற்கு வேறொரு நல்ல வீடு வாய்க்கும். துணை வேண்டுமாயின், முதற்குட்டி வளர்ந்து பழகியபின் அடுத்ததைக் கொள்ளலாம்.

சிவலையின் கதையை முடிக்கவில்லை. மாலைதோறும் வாங்கின் அருகே நிலத்தில் அமர்ந்து, அதனைத் தொடாமல், கையளவு சோற்றை வைத்துக் காத்திருந்தேன். பல வாரங்களின்பின் ஒருநாள் அது தானே வந்து என் முழங்காலில் முகம் வைத்தது. முதல் வாரத்திற் பெற்றிருக்க வேண்டிய நட்பை, ஓர் உயிரின் துயருக்குப் பின்னரே பெற்றேன். உங்கள் குட்டிகளுக்கு அத்துயர் வேண்டா.