பழைய பங்கு விலைகளைப் படிக்கும் வகை

அமெரிக்காவின் அப்பிள் கணினிக் கம்பனி தன் பங்குகளை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்ற நாள் 1980ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 12ஆம் திகதியாகும். பங்கொன்று 22 டொலர் வீதம் வழங்கப்பட்டு, அன்று சந்தை மூடும்போது ஏறத்தாழ 29 டொலராக உயர்ந்து நின்றது. இச்செய்தியை அறிந்த ஒருவர் இன்று தம் கைப்பேசியில் அக்கம்பனியின் பழைய விலைப்பட்டியலைத் திறந்து அதே நாளைத் தேடுவாராயின், அங்கே காண்பது 29 டொலர் அன்று. ஏறத்தாழ 13 சதம். அடுத்த நிரலை நோக்கின் அதனினுங் குறைந்த வேறோர் எண் இருக்கும். ஒரே கம்பனி, ஒரே நாள், மூன்று விலை. இவற்றுள் எது மெய்? மூன்றும் மெய்யே. எந்த வினாவுக்கு எந்த விலை விடையாகும் என்பதை அறியாதார்க்கே அவை மயக்கந் தருவன.

தமிழாசிரியருக்குப் பங்குச் சந்தையில் என்ன வேலை என்று நம் வணிகபாட ஆசிரியர்கள் நகைக்கக்கூடும். ஏட்டுச் சுவடிகளின் கதையை அறிந்தோர்க்கு இது புதிய சிக்கலன்று என்பதே நம் விடை. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அத்தகைய பதிப்புக்களில் ஏட்டில் உள்ளது ஒன்று. பதிப்பாசிரியர் ஆராய்ந்து கொண்ட பாடம் ஒன்று. பின்னதைப் படிப்பவர், எங்கே, எக்காரணம் பற்றி மாற்றஞ் செய்யப்பட்டது என்பதையும் அறிந்து படித்தல் வேண்டும். பங்கு விலைப்பட்டியலும் ஒரு பதிப்பே. அன்று சந்தையிற் கைமாறிய விலை ஏட்டுப் பாடம். இன்று நமக்குக் காட்டப்படுவது பதிப்புப் பாடம். அதனைச் சரிப்படுத்திய விலை என வழங்குவர்.

இச்சரிப்படுத்தலுக்கு முதற் காரணம் பங்குப் பிரிப்பு. ஒரு பங்கின் விலை மிக உயர்ந்துவிடின், சிறு முதலுடையோரும் வாங்கத்தக்கதாக அதனைப் பலவாகப் பிரித்தல் கம்பனிகளின் வழக்கம். அப்பிள் கம்பனி 1987, 2000, 2005 ஆகிய ஆண்டுகளில் ஒன்றை இரண்டாகவும், 2014இல் ஒன்றை ஏழாகவும், 2020இல் ஒன்றை நான்காகவும் பிரித்தது. இவற்றைப் பெருக்கினால் 224 வரும். முதல் நாளில் 2,200 டொலர் கொடுத்து 100 பங்கு பெற்று, ஒன்றும் விற்காது வைத்திருந்தவரிடம் 2020இன் பிரிப்புக்குப் பின் 22,400 பங்குகள் இருக்கும். ஆகவே பழைய விலையை இன்றைய பங்கோடு ஒப்பிட வேண்டுமாயின் அதனை 224ஆல் வகுத்தாக வேண்டும். 29 டொலர் 13 சதமானது இவ்வாறுதான். வடை சுட்ட மாவு அதேயளவு. வடைகளின் எண்ணிக்கைதான் கூடிற்று.

சரிப்படுத்தாத பட்டியலைப் படிப்பவர் எவ்வளவு பெரிய பிழைக்கு ஆளாவார் என்பதற்கு 2014ஆம் ஆண்டு ஜூன் மாதமே சான்று. ஆறாந் திகதி வெள்ளிக்கிழமை 645 டொலரளவில் நின்ற பங்கு, ஒன்பதாந் திகதி திங்கட்கிழமை 93 டொலரளவில் விற்கப்பட்டது. கம்பனி பாழாயிற்று என்றே ஒருவர் எண்ணுவர். உண்மையில் 645ஐ ஏழால் வகுத்தால் 92 சொச்சம். அன்று பங்கு உயர்ந்தே இருந்தது.

எதிர்மாறான பிரிப்பும் உண்டு. அமெரிக்காவின் சிற்றிகுரூப் என்னும் வங்கிக் கம்பனி, 2008இன் நிதி நெருக்கடியில் வீழ்ந்து, பங்கு விலை நாலைந்து டொலரிற் கிடந்தபோது, 2011 மே மாதத்திற் பத்துப் பங்குகளை ஒன்றாகச் சேர்த்தது. அதனால் விலை 45 டொலரளவுக்கு ஏறிற்று. எவருக்கும் ஒரு சதமேனும் இலாபமில்லை. பட்டியல் செய்வோர் பழைய விலைகளையும் பத்தாற் பெருக்கிவிட்டமையால், 2006இன் இறுதியில் அப்பங்கு 500 டொலருக்கு மேல் விற்றதாக இன்று காட்டப்படுகிறது. ஒருவரும் அவ்வாண்டில் 500 டொலர் கொடுத்து அதனை வாங்கியதில்லை. கொடுத்தது 55 டொலரளவே.

இரண்டாங் காரணம் பங்கிலாபம். இது சற்று நுட்பமானது. 100 ரூபா விலையுள்ள பங்குக்கு 5 ரூபா பங்கிலாபம் வழங்கப்படுகிறது எனக் கொள்வோம். அதனைப் பெறும் உரிமை நீங்கிய நாளில், மற்றவை மாறாதிருப்பின், பங்கின் விலை 95 ஆகும். பங்குடையவருக்கு நட்டமில்லை, ஐந்து ரூபா அவர் கைக்கு வந்துவிடும். ஆனால் விலையை மாத்திரம் நோக்குவார்க்கு வீழ்ச்சி போலத் தோன்றும். இத்தோற்றத்தை நீக்கப் பட்டியல் செய்வோர் அதற்கு முந்திய விலைகள் யாவற்றையும் நூற்றுக்கு ஐந்து வீதம் குறைத்து எழுதுவர். அடுத்த நிரலில் நாம் கண்ட சிறிய எண் இதுவே. பங்கிலாபம் வழங்கப்படுந்தோறும் இந்நிரலிலுள்ள பழைய எண்கள் அனைத்தும் மீண்டும் மாறும். இலக்கணத்தில் இறந்தகாலம் மாறாது. இப்பட்டியலில் அது காலாண்டுக்கொரு முறை மாறுகிறது!

ஆகவே விதி எளிது. பங்கிலாபத்தையும் மீண்டும் முதலிட்டிருந்தால் மொத்தப் பயன் என்ன என்று கணிப்பவர்க்குக் கடைசி நிரல் வேண்டும். விலை ஏறி இறங்கிய போக்கைக் காண்பார்க்குப் பிரிப்புக்கு மட்டும் சரிப்படுத்திய நிரல் போதும். தந்தையார் அன்று என்ன விலை கொடுத்தார் என்று கேட்பவர், இரண்டையும் விடுத்து, அக்காலத்துப் பத்திரிகையையோ தரகரின் பற்றுச்சீட்டையோ நாடல் வேண்டும்.

கொழும்புச் சந்தையின் பட்டியலைப் படிப்போர் உரிமை வழங்கலையும் கருதவேண்டும். நான்கு பங்கு உடையவர்க்கு ஒரு புதிய பங்கு 50 ரூபாவுக்கு வழங்கப்படுகிறது. சந்தை விலையோ 100 ரூபா. நான்கு பங்கின் 400 ரூபாவோடு புதிய 50ஐக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 90. உரிமையை ஏற்றவர்க்கு இழப்பில்லை. அதனை விற்றவர்க்கும் பெரிதும் இழப்பில்லை. அறிவித்தற் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், இரண்டுஞ் செய்யாதிருந்தவர்க்குப் பங்கொன்றுக்குப் பத்து ரூபா போயிற்று. பட்டியலோ இதனைக் காட்டாது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் தம் விலாசத்தைக் கம்பனிக்கு அறிவித்து வைத்தல் நன்று.

இனி, இப்பட்டியலால் ஆகும் பயன் யாது? “அன்றே வாங்கியிருந்தால் இன்று கோடீசுவரர்” என்னும் விளம்பரங்களை நம் மாணவர்கள் நாள்தோறுங் காண்கின்றனர். நம் கருத்தில் அக்கணக்குப் பெரும்பாலும் வீண் கணக்கு. பிழைத்துத் தழைத்த கம்பனியைப் பின்னிருந்து தெரிந்தெடுத்துக் கணக்கிடுவது யாருக்கும் எளிது. 2000ஆம் ஆண்டில் 90 டொலர் வரை விற்ற என்றொன் கம்பனியின் பங்கு, 2001 டிசெம்பரில் அக்கம்பனி முறிந்தபோது ஒரு டொலரும் பெறவில்லை. அதனை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

பட்டியலிடம் கேட்கத்தக்க வினா வேறு: இடையில் எவ்வளவு தாங்கவேண்டியிருந்தது? அப்பிள் கம்பனியே 1997இல் முறியும் நிலைக்கு அருகில் வந்தது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி ஒரே நாளில் அதன் பங்கு பாதிக்கு மேல் விலை இழந்தது. அன்று விற்காதிருந்தவர் எத்தனை பேர்? யப்பானின் நிக்கெய் சுட்டெண் 225 கம்பனிகளின் விலைகளைக் கொண்டது. அது 1989 டிசெம்பரில் அடைந்த உச்சத்தை மீண்டுங் கடந்தது 2024 பெப்ரவரியில். இடையிற் கிடைத்த பங்கிலாபத்தைச் சேர்த்தெண்ணின் காலம் சற்றுக் குறுகும். ஆயினும் அறுபது வயதிற் பணிக்கொடையை அங்கு முழுவதும் இட்ட ஓர் ஆசிரியர், சுட்டெண் மீளும்போது தொண்ணூற்று நான்கு வயதினராயிருப்பார். இருபது வயது இளைஞர் பொறுக்கலாம். ஓய்வுபெற்றவர் வீட்டு அடுப்பு பொறுக்காது.

நாணயத்தின் பெறுமதியையும் மறத்தல் ஆகாது. கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டியது. பின்னர் வீழ்ந்து, 2024இன் இறுதியில் மீண்டும் அவ்வெல்லையைத் தாண்டியது. பட்டியலில் இரண்டும் சமம். முதற் காலத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபா. பிற்காலத்தில் 290 ரூபாவளவு. இடையில், 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்திருந்தது. அரிசி வாங்கியவர்க்கு அவ்விரண்டு 13,000மும் ஒன்றல்ல.

பழைய பெட்டிகளிற் பங்குச் சான்றிதழ் கண்டெடுத்தோர்க்குச் சில சொற்கள். கொழும்பிற் பங்கு வியாபாரம் தேயிலைத் தோட்டங்களை முன்னிட்டு 1896இல் தரகர் சங்கமாகத் தொடங்கியது. நம்மூர் உத்தியோகத்தர் சிலர் அக்காலந்தொட்டு வாங்கியிருக்கலாம். சான்றிதழிற் பொறித்த பத்து ரூபா முகப்பெறுமதியேயன்றி விலையன்று; 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம் முகப்பெறுமதியையே நீக்கிவிட்டது. 100 பங்கு என்று எழுதியிருப்பினும், பிரிப்பும் உபகாரப் பங்கும் சேர்ந்து அது பலமடங்காகியிருக்கலாம். தோட்டக் கம்பனியாயின், 1975இல் அதன் நிலங்கள் அரசுடைமையாகியிருக்கவுங் கூடும். இடப்பெயர்வுகளிற் சான்றிதழே தொலைந்தவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. உடைமைக்கு முதற்சான்று கம்பனியின் பங்குடைமையாளர் பதிவேடே. ஆதலின் விலைப்பட்டியலைத் திறக்குமுன், பெயரில் இன்று எத்தனை பங்கு நிற்கிறது, எடுக்கப்படாத பங்கிலாபம் எவ்வளவு என்று கம்பனிச் செயலாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும். கம்பனியின் பெயர் மாறியோ மறைந்தோ போயிருப்பின், கொழும்பிலுள்ள கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் விசாரிக்கலாம்.