இழப்பில்லாத ஈகை



விலங்கினங்களும் பறவைகளும் மனிதர்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் தஆலா திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் (6:38) உணர்த்துகின்றான். அச்சமுதாயங்களுக்கிடையே நிலவும் உறவுகளில் ஒரு வகை நம் சிந்தனைக்குரியது. ஓர் உயிர் பயன் பெறும். மற்றோர் உயிருக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பெல்ஜிய நாட்டு விலங்கியல் அறிஞர் வான் பெனடன் 1870களில் இதற்கு இட்ட பெயரின் பொருள், ஒரே மேசையில் உடனமர்ந்து உண்ணுதல் என்பதாகும். (நம்மவர் சஹன் சாப்பாட்டை எண்ணிக்கொள்ளலாம்.)

மேய்கின்ற மாட்டின் பின்னே நடக்கும் வெண்கொக்கை யாவரும் கண்டிருப்போம். மாடு அடியெடுத்து வைக்கையில் புல்லிடையே பதுங்கிய வெட்டுக்கிளிகள் துள்ளி எழுகின்றன. கொக்கு அவற்றைக் கொத்திக்கொள்கின்றது. தனியே இரை தேடும் கொக்கைவிட இது குறைந்த நடையில் அதிக இரை பெறுவதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்துக் கண்டுள்ளனர். 'உண்ணிக்கொக்கு' என்று பெயர் இருப்பினும் அதன் இரையில் உண்ணிகள் சிறு பங்கே. மாட்டின் புல்லிலோ ஓர் இணுக்கும் குறைவதில்லை.

மாமரக் கிளையில் ஒட்டி வளரும் வாண்டா என்னும் ஆர்க்கிட் செடியும் அவ்வாறே. அதன் தொங்கும் வேர்கள் மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் பஞ்சுபோல் உறிஞ்சுகின்றன. மரத்தின் சாற்றைத் தொடுவதில்லை. அதே கிளையில் புல்லுருவியும் அமர்கின்றது. அதுவோ தன் உறிஞ்சு வேரைப் பட்டைக்குள் செலுத்தி, மரம் சேர்த்த நீரையும் உப்புகளையும் பறிக்கின்றது. மிகுந்துவிட்டால் கிளை பட்டுப்போகும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் மரத்தில் குடியேறிய பச்சைகளே!

இனி மனிதரிடம் வருவோம். ஒருவர் தமது சுவரில் அண்டை வீட்டார் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்கலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. கேட்டவர்கள் முகம் திருப்பியபோது அபூஹுரைரா (ரலி) அவர்கள் அவர்களைக் கடிந்துகொண்டார்கள். சுவர் உடையவருக்கு இழப்பில்லை. உத்திரம் வைப்பவருக்கோ வீடே நிற்கின்றது. எனினும் 'என் சுவர்' என்னும் எண்ணம் அன்றும் எளிதில் இறங்கவில்லை. இன்றும், பக்கத்து வீட்டார் தம் சுவருக்குச் சாந்து பூசுவதற்குக் காலிமனையில் இரண்டு நாள் சாரம் கட்ட விடாதவர்கள் உண்டு. அவ்வழக்குகள் ஜமாஅத்தின் முன்பும் வருகின்றன.

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் இந்நபிமொழியைக் கட்டாயக் கடமையாகவே கொண்டார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோர் விரும்பத்தக்க நற்செயல் என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடமிருந்து இரு கருத்துகளும் வந்துள்ளன. கட்டாயம் என்றோரும் நிபந்தனை விதித்தே கூறினர்: உத்திரம் வைப்பவருக்கு வேறு வழியில்லாத தேவை இருக்க வேண்டும், சுவருக்குச் சேதம் நேரக்கூடாது. விரிசல் விட்ட சுவரில் பாரம் ஏற்றக் கேட்பவரைப் புல்லுருவியின் பக்கம்தான் சேர்க்க வேண்டும். அவரைத் தடுக்கச் சுவருக்குரியவருக்கு முழு உரிமையுண்டு.