குடக்கூலி வீடும் சுவரின் ஓதமும்



ஓதம் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் கடல் என்றும், அலை என்றும் பொருள் உண்டு. அதே சொல்லை நம் வீட்டுப் பெண்மணிகள் கார்த்திகை மாதத்தில் வேறொரு பொருளில் ஆளுகின்றனர். "அரிசி மூட்டையைச் சுவரோரம் வைக்காதே, ஓதம் அடிக்கும்" என்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து கடல் பல கல் தொலைவில் இருக்கிறது. ஆயினும், ஐப்பசி பிறந்ததும் அது நம் சுவர்களுக்குள் வந்து குடியேறிவிடுகிறது. நாம் குடக்கூலி கொடுக்கிறோம், அது கொடுப்பதில்லை.

முப்பது ஆண்டுகளாக இவ்வூரில் குடக்கூலி வீடுகளிலேயே வாழ்ந்து வருகிற பள்ளி ஆசிரியன் நான். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் எனக்கு அண்டை வீட்டார். என் வீட்டில் ஓதம் வந்தால் புத்தகங்களின் ஓரம் மஞ்சளாகும், அவ்வளவுதான். தறி போட்ட வீட்டிலே ஓதம் வந்தால் பிழைப்பே நின்றுபோகும். ஆகையால், அவர்களுடைய வீட்டை முன்வைத்தே பேச விரும்புகிறேன்.

காஞ்சிபுரத்துப் பட்டு பெரும்பாலும் குழித்தறியில் நெய்யப்படுவது. நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை இயக்குகிறார். மண்ணின் குளிர்ச்சி பாவு நூலை அறாமல் காக்கிறது என்பது நெசவாளர் கண்ட உண்மை. கோடையில் காற்று வறண்டால் நூல் அறும். மழைக்காலத்தில் ஈரம் மிஞ்சினால் பாவு தளரும், மரம் உப்பும், ஜக்கார்டு அட்டைகள் வீங்கி வளையும், சரிகையின் வெள்ளி கறுக்கும். அளவான ஈரம் தொழிலுக்குத் துணை. அளவு கடந்த ஈரம் தொழிலுக்குப் பகை.

பட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. நூறு பங்கு உலர்ந்த பட்டுக்குப் பதினொரு பங்கு ஈரம் இருப்பது இயல்பு என்று வணிக உலகம் ஏற்றுக்கொண்டு, அக்கணக்கிலேயே எடை போடுகிறது. ஈரமான இடத்தில் வைத்தால், பட்டு தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைக் குடித்துவிட்டும் கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. நெசவாளருக்குப் பட்டு நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. நெய்த புடவையும் நிறுத்தே வாங்கப்படுகிறது. அடைமழையில் நிறுத்து வாங்கிய பட்டைத் தைவெயிலில் புடவையாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், குறைந்த எடைக்கு யார் பொறுப்பு? திருடாதவர் திருடராக நிற்க வேண்டிய நிலை அது.

இனி, ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கொத்தனாரை அழைப்பது, நோயை அறியாமல் மருந்து கேட்பது போன்றது.

மண்ணிலிருந்து மேலேறும் ஈரம் ஒன்று. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலவே செங்கல்லின் நுண்துளைகளில் நீர் ஏறும். சாதாரணமாக மூன்றடி உயரம்வரை ஏறி, அங்கே கோடு கிழித்தாற்போல் நிற்கும். மண்ணிலுள்ள உப்பும் கூடவே ஏறுகிறது. நீர் ஆவியானதும் உப்பு வெண்மையாகப் பூத்துக் காரையைத் தள்ளும். நாம் 'உவர் அரித்துவிட்டது' என்று சொல்வது இதனைத்தான். மேலிருந்து இறங்கும் ஈரம் மற்றொன்று. கைப்பிடிச் சுவரில் வெடிப்பு, தளத்தில் பெயர்ந்த தட்டோடு, உடைந்த நாட்டோடு, அடைபட்ட மழைநீர்க் குழாய் ஆகியவற்றால் வருவது. இதற்குக் கோடு இராது. வரைபடத்துத் தீவுகள் போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். மூன்றாவது, வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரம். சமையல் ஆவியும், உலரப்போட்ட துணியும், மூடிய சன்னலும் சேர்ந்து குளிர்ந்த சுவரில் வியர்வையாய்ப் படிகின்றன.

எது எதுவென்று அறிய எளிய சோதனை உண்டு. உள்ளங்கை அளவு ஈயத்தாளைச் சுவரில் நான்கு பக்கமும் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் வெளிப்புறத்தில் நீர் முத்துக் கோத்திருந்தால், அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறப்பதே வைத்தியம். சுவரை ஒட்டிய உட்புறத்தில் நனைந்திருந்தால், சுவருக்குள்ளேயே நீர் இருக்கிறது.

நம் தெருக்களில் நான்காவது காரணமும் ஒன்று உண்டு. சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப்போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பாட்டனார் காலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற திண்ணைக்கு இன்று ஒரு படி இறங்கிச் செல்லவேண்டியிருக்கிறது. சுவரின் அடிப்பகுதி தெருமட்டத்துக்குக் கீழே புதைந்துவிட்டால் அது எப்படி உலரும்? பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு மே திங்களில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் ஆணையிட்டார். அதே ஆண்டில் நம் ஊரும் மாநகராட்சி ஆயிற்று. இவ்விஷயத்தில் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சண்டையிட்டுப் பயனில்லை. இருவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு மாநகராட்சிக்கு அனுப்புவதே வழி.

ஓதம் கண்ட சுவருக்கு இந்நாளில் செய்யப்படும் வைத்தியம் பெரும்பாலும் சிமெண்டுப் பூச்சு. ஆண்டுதோறும் காரை பெயர்வதைக் கண்டு சலித்த வீட்டுக்காரர், 'கெட்டியாகப் பூசிவிடு' என்கிறார். சிமெண்டு கெட்டிதான், ஆனால் சுவரை மூச்சுவிட விடாது. வெளியேற வழியில்லாத நீர் இன்னும் மேலே ஏறுகிறது. மூன்றடியில் நின்ற கோடு ஐந்தடிக்குப் போகிறது. சுண்ணாம்புக் காரையோ ஈரத்தை வாங்கி வெளியே விடும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த பழைய கொத்தர்கள் இதை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

கயிலாசநாதர் கோயிலுக்குச் செல்லும்போது அதன் அடிப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயிலின் உடல் மணற்கல், அடித்தளம் கருங்கல். பாரம் தாங்குவதற்காகவே கருங்கல்லை வைத்திருக்கலாம். ஆயினும், நீரை எளிதில் உறிஞ்சாத கல் கீழே இருப்பது மணற்கல்லுக்கு நன்மையே. நாம் குடியிருக்கும் வீடுகளில் அத்தகைய தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இல்லை. இன்று சுவரடியில் வரிசையாகத் துளையிட்டு, நீர்விலக்கும் மருந்தைச் செலுத்தும் முறை வந்திருக்கிறது. குறைந்த வாடகை வரும் சிறு வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. சுவரோரத்து மண்ணை வெட்டித் தாழ்த்தி, மழைநீர் விலகியோட வாய்க்கால் அமைத்து, உவர் பிடித்த காரையைக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினாலே பெரும்பகுதி தீரும்.

இதை யார் செய்வது? இங்கேதான் மனவருத்தம் தொடங்குகிறது. என் அண்டை வீட்டு நெசவாளர், சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாளிடம் முறையிடச் சென்றபோது நானும் உடன் சென்றேன். அந்த அம்மாள் கொடியவர் அல்லர், வயதானவர், அந்த வாடகையே அவருக்கு வருமானம்.

"சுவர் ஊறுகிறது என்கிறாய், தம்பி. நீ தோண்டிய தறிக்குழியிலிருந்துதான் ஊறுகிறது என்று என் பிள்ளை சொல்கிறான்" என்றார்.

"குழி நடுக்கூடத்தில் இருக்கிறது, அம்மா. ஊறுவது தெருப்பக்கத்துச் சுவர். நீங்களே வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் இவர்.

அவரும் வந்து பார்த்தார். குழியை ஒட்டிய இடைச்சுவர் உலர்ந்திருந்தது. தெருச்சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஈரம். வழக்கு அங்கேயே முடிந்தது. குழிக்குள் மழைக்காலத்தில் நீர் ஊறுவது உண்மைதான்; ஆனால் அது நிலத்தடி நீர் உயர்வதால் வருவது. 2015-ஆம் ஆண்டு பெருமழையை அனுபவித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா வீட்டுக்காரரும் வந்து பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. 'பழுது பார் என்று கேட்டால், காலி செய் என்பாரோ' என்ற அச்சம் குடித்தனக்காரருக்கு இயல்பு. தறியைப் பெயர்த்துக்கொண்டு வேறு வீடு தேடுவது எளிதான காரியமா? ஆகவே, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கட்டுப்பாட்டு அலுவலரின் அனுமதி பெற்றுக் குடித்தனக்காரரே பழுது பார்க்க முடிந்தது. ஆனால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குமேல் கழிக்க முடியாதிருந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதும், வெள்ளையடிப்பும், குழாய் மாற்றுதலும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதன் அட்டவணை கூறுகிறது. குழாய் வாய், தாழ்ப்பாள், சன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவரே விளைத்த சேதத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பாகார். வீட்டுக்காரர் மறுத்தால், குடியிருப்பவர் செலவு செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதிக்கு மேற்படக்கூடாது. தகராறு முற்றினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் செல்லலாம். இவற்றுக்கெல்லாம் வாய்ச்சொல் போதாது. எழுத்தில் உடன்படிக்கையும், தேதியிட்ட கடிதமும், சுவரின் புகைப்படமும், கொத்தனார் கொடுத்த ரசீதும் கையில் இருக்கட்டும்.

கோயில் மனையில் குடியிருப்போர், மண் கோயிலுடையது, சுவர் யாருடையது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். அடிமனைக்கு மட்டும் வாடகை செலுத்தும் இடத்தில் சுவருக்குச் சொந்தக்காரர் வேறொருவராக இருப்பார்.

ஓதத்தை வெறும் அழகுக் குறையாக எண்ணுகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றித் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது; இழுப்பு நோய்க்கு இவை துணைபோகின்றன. இங்கிலாந்தில் ரோச்டேல் நகரத்து வாடகைக் குடியிருப்பு ஒன்றில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சணத்தால் மூச்சுக் கெட்டு இறந்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். 2023-இல், இத்தகைய பழுதுகளை வரையறுத்த காலத்துக்குள் சீர்செய்ய வேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது. அச்சட்டம் அக்குழந்தையின் பெயராலேயே வழங்குகிறது. தறிக்கூடத்திலேயே தொட்டில் கட்டும் நம் வீடுகளுக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

வேலைக்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. நெசவு வீட்டில் இன்னொரு கணக்கும் பார்க்கவேண்டும். ஒரு பாவு பெரும்பாலும் மூன்று புடவைக்கு உரியது. பாவு தறியில் இருக்கும்போது காரையைக் கொத்தினால், சுண்ணாம்புத் தூசி பட்டில் படியும். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறுவதற்கு இடைப்பட்ட நாட்களே ஏற்றவை. அந்த அம்மாளும் நெசவாளரும் அவ்வாறே நாள் குறித்தனர். சுவர்ச் செலவு அம்மாளுடையது. குழியின் உட்புறம் செங்கல் கட்டும் செலவு நெசவாளருடையது. கையில் ரொக்கம் இல்லாத அம்மாளுக்காக நெசவாளர் சுவருக்கும் தாமே முன்செலவு செய்து, மாதந்தோறும் பாதி வாடகையாகக் கழித்துக்கொண்டார்.

பூசி முடித்தவுடன் எண்ணெய் வண்ணம் அடிக்க ஆசைப்படாதீர்கள். நனைந்த சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது பொறியாளர் வாய்ப்பாடு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அதுவரை வெள்ளைச் சுண்ணாம்பே போதும். பழுது பார்க்குமுன் மழை முந்திக்கொண்டால், பட்டையும் சரிகையையும் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பலகைமேல் வையுங்கள். அட்டைகளை உயரத்தில் தொங்கவிடுங்கள். வெயில் கண்ட நேரத்தில் முற்றத்துக் கதவையும் தெருக்கதவையும் ஒருசேரத் திறந்து காற்றோட விடுங்கள். கரியடுப்பை மூட்டி அறையைச் சாத்திக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். சுவர் உலருமுன் உள்ளிருப்பவர் உயிர் போய்விடும்.