பீரங்கிக் குண்டை விழுங்கிய மண் சுவர்: தெரியுமா?

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற அவசரத்தில் மேலகரத்தில் யாரும் இறங்குவதில்லை. ஒருதரம் இறங்கிப் பாருங்கள். மேற்கே மலை, அந்தப் பக்கம் தென்காசிக் கோபுரம். இங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் எத்தனை பாளையங்கள் இருந்தன தெரியுமா? சொக்கம்பட்டி, ஊத்துமலை, தலைவன்கோட்டை, நெற்கட்டும்செவல், சிவகிரி... மூச்சு வாங்குகிறது!

இவற்றை ஆண்ட பாளையக்காரர்களைப் போல ஜப்பானில் கோட்டை கட்டி ஆண்ட டைம்யோ பிரபுக்களைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அந்தஸ்தை எதால் அளந்தார்கள் தெரியுமா? அரிசியால்! பத்தாயிரம் கொக்கு அரிசி விளைகிற நிலம் இருந்தால்தான் டைம்யோ. ஒரு கொக்கு சுமார் 150 கிலோ. நம் பாளையக்காரருக்கும் விளைச்சல்தான் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு மதுரை நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, மிச்சம் அவருக்கு என்பது ஏற்பாடு. போதாததற்குக் காவல் வரி வேறு.

யார் எங்கே குடியேறினார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. மலையடிவாரத்தில் மறவர் பாளையங்கள். கிழக்கே கரிசல் காட்டில், எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம், தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். மலையோரத்துக்காரருக்கு ஒரு வசதி: சண்டை முற்றினால் கொல்லைப்புறமே காடு! ஜப்பானிலும் பழைய கோட்டைகள் மலை உச்சியில்தான் இருந்தன. பிறகுதான் சமவெளிக்கு இறங்கின. கோட்டையைச் சுற்றிக் கொல்லர் தெரு, சாயக்காரர் தெரு என்று ஊரே முளைத்தது.

ஜப்பானியர் அடித்தளத்துக்குப் பாறாங்கல்லை அடுக்கினார்கள். நம் ஆட்களிடம் இருந்தது மண்! சிரிக்காதீர்கள். என் பாட்டி வீட்டுச் சுவர் மண் சுவர்தான். மண்ணைக் குழைத்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, காலால் மிதித்து, ஒரு முழம் உயர்த்திக் காயவிட்டு, அப்புறம்தான் அடுத்த முழம். அதில் ஆணி அடித்தால் உள்ளே போகும், சுவர் விரியாது. பீரங்கிக் குண்டுக்கும் அதே கதிதான். கல் சுவர் சிதறும், மண் சுவர் குண்டை விழுங்கிவிடும். 1767-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கியபோது, உடைந்த இடத்தையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் வைக்கோலாலும் பனையோலையாலும் உடனுக்குடன் அடைத்தார்களாம். அந்தத் துணிச்சலை எதிரியே மெச்சி எழுதிவைத்தான்!

இதைவிடப் பெரிய அதிசயம் பாஞ்சாலங்குறிச்சி. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டுக் கோட்டையை இடித்துவிட்டுப் போனது கும்பினி. 1801 பிப்ரவரி 2-ல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரே வாரத்தில் வெள்ளைக்காரப் படை வந்து பார்த்தால், எதிரே முழுசாகக் கோட்டை நிற்கிறது! ஜப்பானின் பெருந்தலைவர் ஹிதேயோஷி 1590-ல் கட்டிய இஷிகாகியாமாவுக்கு ‘ஒரே இரவுக் கோட்டை’ என்று பெயர். உண்மையில் அதற்கு எண்பது நாள் பிடித்தது. கட்டி முடித்த பிறகு மறைப்பாக நின்ற மரங்களை வெட்டினார்களாம், பார்த்தவர்கள் ஒரே ராத்திரியில் முளைத்ததாக நம்பினார்கள். நம் ஊமைத்துரைக்கு அந்த ஜாலமெல்லாம் தேவைப்படவில்லை. மார்ச் 31-ல் தாக்கிய வெள்ளையர் தோற்றுப் பின்வாங்கினார்கள். மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அது நின்ற மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கோபம் அவ்வளவு!

அதே 1801 டிசம்பரில் ஆயுதத்துக்கும் தடை வந்தது, கோட்டைகளுக்கும் முடிவு வந்தது. ஹிதேயோஷி 1588-ல் குடியானவர்களின் வாள்களைப் பறித்தார். 1615-ல் அடுத்து வந்த தொக்குகாவா அரசு ஒரு மாகாணத்துக்கு ஒரே கோட்டைதான் என்று உத்தரவு போட்டது. வாளையும் கோட்டையையும் பிடுங்க அங்கே 27 வருஷம், இங்கே ஒரே பிரகடனம்.

மேலகரத்துக்கே வருவோம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர். அந்தப் பாட்டுக்காக மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலமே கொடுத்தார். அதன் பெயர் குறவஞ்சி மேடு. வாள் பிடித்தவருக்குப் பாளையம், ஏடு பிடித்தவருக்கு மேடு!

கடைசியாக ஒன்று. இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நாம் படம் பிடித்துக்கொள்கிற கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டியது. ஏமாந்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். ஜப்பானின் புகழ்பெற்ற ஒசாகா கோட்டைக் கோபுரமும் 1931-ல் கட்டிய கான்கிரீட்தான்!