வீடு பெருகும்போது செய்தியும் பெருகுகிறது

செய்திக்காக ஏங்கியிருந்த காலம் ஒன்று எம்மவர்க்கு இருந்தது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். தீவிலிருந்த பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். உறவினர் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்பதை அறிய, கடிதத்தையும் வந்துபோவோரின் வாய்மொழியையுமே நம்ப வேண்டியிருந்தது. 2009இல் போர் முடிந்தபின் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பக்கத்துக் கிராமங்கள் எனப் பல ஊர்களுக்கும் மக்கள் திரும்பினர். ஆனாலும் வாப்பும்மா புத்தளத்தில், மூத்த மகன் வளைகுடா நாட்டில், இளைய மகள் மன்னாரில் என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இவர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது இன்று கைத்தொலைபேசிதான். அது எமக்குக் கிடைத்த பெரிய நிஃமத். அந்த நிஃமத்தே வீட்டுக்குச் சுமையாவது எப்படி, அதை எப்படிச் சீர்செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைப்புகள் 10. மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று பத்துப் பேரானால் அந்த இணைப்புகள் 45. ஆட்கள் இரண்டு மடங்காகும்போது பேச்சுக்கான வழிகள் நாலரை மடங்காகின்றன. குடும்பம் பெருகும் வேகத்தைவிடச் செய்தி பெருகும் வேகம் அதிகம் என்பதற்கு இதுவே காரணம்.

இதனோடு குழுக்கள் சேர்கின்றன. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபின், வீட்டுப்பாடம் வட்ஸ்அப் வழியாக வரத் தொடங்கியது. பாடசாலைகள் திறந்தபின்னும் அந்தக் குழுக்கள் மறையவில்லை. பிள்ளை ஒன்றுக்கு வகுப்புக் குழு, ரியூஷன் குழு, மத்ரஸாக் குழு என்று வைத்தால் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்பது குழுக்கள். பள்ளிவாசல் அறிவித்தல், ஜனாஸா அறிவித்தல், மீனவர் சங்கம், குடும்பக் குழு எல்லாம் அதற்கு மேல். பெரும்பாலும் இவை அத்தனையும் உம்மாவின் ஒரே தொலைபேசிக்குத்தான் வந்து விழுகின்றன.

தகவல் பெருகினால் குறைவது எது? பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹேர்பேர்ட் சைமன், 1971இலேயே இதற்கு விடை சொன்னார்: தகவல் தின்பது மனிதரின் கவனத்தை. தகவல் எவ்வளவு மிகுகிறதோ, கவனத்துக்கு அவ்வளவு பஞ்சம் வரும். இருநூறு ‘ஜும்ஆ முபாரக்’ படங்களுக்கு நடுவே, குழந்தையின் தடுப்பூசித் திகதி மாறியது பற்றிக் குடும்பநல உத்தியோகத்தர் அனுப்பிய ஒரு வரி காணாமற் போகலாம். உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் அப்படியே புதைந்துபோகலாம். இங்கே இழப்பு நேரம் மட்டுமல்ல. வீட்டுக்கு உண்மையில் தேவையான செய்தியே தவறிவிடுகிறது.

அடுத்த ஆபத்து பொய்ச் செய்தி. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் உறுதிப்படுத்தியது அதற்குப் பிறகுதான். அடுத்த சில நாட்களில் கண்டி மாவட்டத்திலும் வன்முறை வெடிக்க, மார்ச் 7ஆம் திகதி அரசு முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது.

எமது கரையோரத்தின் சோற்றிலும் இத்தகைய அச்சம் கைவைத்ததுண்டு. 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன்சந்தையில் கொரோனா பரவியதும், மீன் தின்றால் நோய் தொற்றும் என்ற பேச்சு நாடெங்கும் பரவி மீன் விற்பனை சரிந்தது. பயத்தைப் போக்குவதற்காக, மீன்பிடித்துறையின் முன்னாள் அமைச்சர் ஒருவர் நவம்பரில் ஊடகங்களின் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். கைகள் சும்மா ஒருமுறை தட்டி அனுப்பும் செய்தி எத்தனை அடுப்புகளை அணைக்கும் என்பதை மீன்பிடித்து வாழும் ஊர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இதற்கு மருந்து எம் மார்க்கத்திலேயே இருக்கிறது. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்தாமல் நடந்தால், அறியாமலே ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் தரும் எச்சரிக்கை. ஹதீஸ் கலை இதை ஒரு முறையாகவே வளர்த்தது. ஹிஜ்ரி 194 முதல் 256 வரை வாழ்ந்த இமாம் புகாரி போன்றோர், ஒரு ஹதீஸின் வாசகத்தோடு அதன் அறிவிப்பாளர் வரிசையையும் ஆராய்ந்தார்கள். யார் யாரிடம் கேட்டார்? இருவரும் சந்தித்தார்களா? அவர் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா? வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த அறிவிப்புப் பலவீனமானது.

இந்த அளவுகோலால் வட்ஸ்அப் செய்தியை அளந்து பாருங்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி தோன்றும். அதன் பொருள், இதை எழுதியவரை உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்பது. அதாவது, அறிவிப்பாளர் வரிசை இல்லாத செய்தி. 2020 ஏப்ரல் முதல், இத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அந்நிறுவனமே கட்டுப்பாடு வைத்தது. மாமி அனுப்பினார் என்பதால் செய்தி மாமியுடையதாகிவிடாது. “மாமி, இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?” என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை சில:

ஒன்று, குடும்பக் குழுவை இரண்டாக்குங்கள். ஒன்றில் நோய், பிரயாணம், நிகாஹ், ஜனாஸா, பண உதவி போன்ற அவசியமானவை மட்டும். மற்றதில் படமும் பகிடியும் துஆவும் தாராளமாக வரட்டும். இரண்டாவதன் ஒலியை நிறுத்தி வைக்கலாம். யார் மனமும் நோகாது.

இரண்டு, திகதியுள்ள எந்தச் செய்தியும் தொலைபேசியிலேயே தங்கக்கூடாது. கிளினிக், பரீட்சை, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் அன்றே சுவர்க் கலண்டரில் எழுதிவிடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் தம்பிகூட அதைப் பார்த்து ஞாபகப்படுத்துவான்.

மூன்று, புயல், வெள்ளம் பற்றிய செய்திகளுக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் கேட்கலாம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எமது கடலைக் கடந்துபோனது. அத்தகைய நேரத்தில் பழைய படமொன்றைப் புதிதென்று பகிர்வது, கடலுக்குப் போனவர்களின் வீட்டாரை உயிரோடு வதைப்பதாகும்.

நான்கு, மஃரிபிலிருந்து இஷா வரை தொலைபேசிகள் ஓரிடத்தில் இருக்கட்டும். தூரத்திலிருக்கும் வாப்பா அழைக்கும் நேரம் அதுவானால் வேறு நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். குடும்பம் முழுவதும் ஒப்புக்கொண்ட நேரமாக இருப்பதே முக்கியம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தக் குழுக்களை வாசித்து, தரம்பிரித்து, பதில் எழுதும் வேலை பல வீடுகளில் மூத்த மகளின் தலையில் விழுகிறது. “நீதானே படித்தவள்” என்கிறோம். அவள் படிப்பதற்கான நேரத்தை அந்த வேலைதான் தின்கிறது. தம்பியும் நானாவும் ஆளுக்குச் சில குழுக்களைப் பொறுப்பெடுக்கட்டும். உம்மாவுக்கும் செய்தியைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு வாரத்தில் அவர் எம்மை மிஞ்சிவிடுவார்.

சிதறிய குடும்பங்களை இணைத்த கருவி, ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களைப் பிரித்துவிடக்கூடாது. எந்தச் செய்தி எமக்கு உரியது, எது கைமாறி வந்த இரைச்சல் என்று பிரித்தறியும் வீட்டில், எத்தனை பேர் பெருகினாலும் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும்.